மகள் பின்னால் போன வீடு

ஆவுடைச்செல்வி காவிரிக்கரைப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பதினோராம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பும் ரசமும் உண்ட மயக்கத்தில் அவளுடைய அப்பா சொர்ணவேலும் அம்மா கோமதியும் கண்ணயர்ந்திருந்த நேரத்தில், கோவில்பட்டி மேட்டுத்தெருவில் இருபத்திரண்டு வருஷமாக ஒரே இடத்தில் நின்றுகொண்டிருந்த அவர்களுடைய வீடு எழுந்து மகள் இருக்கிற இடத்துக்குப் போய்விட்டது.

நாலு மணிக்கு டீ போட எழுந்த கோமதி ஜன்னலைத் திறந்தாள். எதிர்வீட்டு மாரித்தாயின் பச்சைச் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் நீளமாக ஒரு மஞ்சள் கட்டடமும், அதன் மூன்று மாடியிலும் வரிசையாகக் காய்ந்த சுடிதார்களும், ‘மகளிர் விடுதி - 2’ என்ற பலகையும் தெரிந்தன. இரண்டு மயில்கள் அவளைப் பார்த்துவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போயின. அவள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு உள்ளறையைப் பார்த்து, “என்னங்க, எந்திரிங்க. பிள்ளை ஹாஸ்டலுக்கு வந்துட்டோம்” என்றாள்.

சொர்ணவேல் வேட்டியை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். எப்படி வந்தோம் என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. “இதுல அவ ஜன்னல் எது?” என்றுதான் கேட்டான்.

மிக்சி, கிரைண்டர், மின்விசிறி எல்லாம் பழுதுபார்க்கிற மனுஷன் அவன். வீட்டின் முன்னறைதான் கடை. எந்த மோட்டாரையும் காதருகே வைத்துக் கேட்டே கோளாறு சொல்லுவான் என்று ஊரில் பேர். ஆனால் மகள் போன நாளிலிருந்து அவன் காது செல்போனைத் தவிர வேறொன்றையும் கேட்கவில்லை. காலையில் எழுந்தாயா என்று ஒரு தடவை, வகுப்புக்குப் போனாயா என்று ஒரு தடவை, சாப்பாட்டுக்கு என்ன கூட்டு என்று ஒரு தடவை, சாயங்காலம் ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை. அந்த விடுதியில் செவ்வாய்க்கிழமை சுரைக்காய் என்பது மேட்டுத்தெரு முழுக்கத் தெரிந்திருந்தது. இத்தனை விசாரிப்பையும் இரவும் பகலும் சுவர்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்த வீடு வேறென்ன செய்யும் என்றுதான் பிற்பாடு அந்தத் தெருவே பேசிக்கொண்டது.

பல்கலைக்கழகத்தின் பின்வாசல் காவலாளி முதலில் வந்தார். வந்துபோகிற எதையும் எழுதிவைக்க அவரிடம் ஒரு தடித்த நோட்டு இருந்தது. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, வாகன எண் என்ற இடத்தில் ‘இல்லை’ என்றும், உடன் வந்தவர்கள் என்ற இடத்தில் ‘இரண்டு பேர், ஒரு தையல் மிஷின்’ என்றும், வந்த நோக்கம் என்ற இடத்தில் ‘மகளைப் பார்க்க’ என்றும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கோமதி கொடுத்த டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் கொஞ்சம் சிரமமாகிவிட்டது. இது வாகனமா, கட்டடமா, ஆக்கிரமிப்பா என்று மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசியில் ‘பெற்றோர் வருகை’க்குத்தான் ஏற்கெனவே அச்சடித்த படிவம் இருக்கிறது என்பதால் அதில் அடக்கினார்கள். அந்தப் படிவத்தின்படி பெற்றோர் மாலை நாலிலிருந்து ஆறு வரைதான் வளாகத்துக்குள் இருக்கலாம். ஆகவே மற்ற இருபத்திரண்டு மணி நேரமும் வீடு அங்கே இல்லாதது போலவே எல்லாரும் நடந்துகொள்வது என்று முடிவாயிற்று. காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் பேராசிரியர்கள் வாசலில் கோலம் போடுகிற கோமதியைப் பார்க்காமல், கோலத்தை மிதிக்காமல் விலகிப்போனார்கள். நாலு மணி அடித்ததும் அதே ஆட்கள் வந்து “வாங்கம்மா, எப்ப வந்தீங்க?” என்று விசாரித்தார்கள். நிலவியல் துறைக்காரர்கள் மட்டும் எந்த நேரமும் வந்தார்கள், ஏனென்றால் வீடு தன் காலடிக் கரிசல் மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வாரிக்கொண்டு வந்திருந்தது. காவிரி வண்டல்மேல் கரிசல் படிந்திருப்பதை அவர்கள் அதுவரை எங்கும் பார்த்ததில்லை.

கோவில்பட்டியிலோ அதைவிட லேசாக முடிந்துவிட்டது. மின்கணக்கு எடுக்க வந்தவர் ‘வீடு வெளியூர்’ என்று குறித்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனார். மிக்சி ஜாரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களிடம் மாரித்தாய், “பிள்ளையப் படிக்கவைக்கப் போயிருக்காக. வீட்டோட போயிருக்காக” என்று சொன்னாள். கேட்டவர்களுக்கு அது நியாயமாகவே பட்டது. காலி இடத்தில் அவள் மிளகாய் வற்றல் காயப்போட ஆரம்பித்தாள்.

முதல் நாள் ஆவுடைச்செல்வி மூன்றாம் மாடியிலிருந்து செருப்பில்லாமல் ஓடிவந்து, அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுது, மீதியிருந்த கறிக்குழம்பை வழித்து நாலு தோசை சாப்பிட்டாள். இரண்டாம் நாள் அறைத்தோழி ஷமீனாவைக் கூட்டிவந்தாள். வாணியம்பாடிப் பெண், வெடவெடவென்று உயரம், எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள். பத்தாம் நாள் விடுதியில் பாதிப் பேர் அந்த வீட்டில்தான் இருந்தார்கள். கெட்டில், இஸ்திரிப்பெட்டி, முடி உலர்த்துகிற கருவி என்று சொர்ணவேலுக்கு வேலை குவிந்தது. கோமதிக்கு விழாவுக்கு உடுத்தும் புடவைகளுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துத் தீரவில்லை.

“ஆடி அப்பா, ப்ளக் பாயின்ட் வேலை செய்யலை” என்று ஒருத்தி வந்து நின்றாள்.

“ஆடியா? இது ஆவணில்லா?”

“உங்க பொண்ணுதான் அங்கிள். ஆவுடைன்னு கூப்பிட வாயில வரலை. அதான் ஆடி. பெரிய கார் பேரு.”

சொர்ணவேல் அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மகள் முகத்தைப் பார்த்து, “ஆவுடைங்கிற பேருக்கு என்னம்மா கொறை?” என்று கேட்டான். “ஒண்ணுமில்லப்பா, சும்மா” என்று அவள் தட்டைக் கழுவப் போய்விட்டாள்.

அவள் நடமாட்டமெல்லாம் இப்போது அவன் கண்ணெதிரே. எட்டே முக்காலுக்குப் படியிறங்குவாள், அவன் திருகுளியைக் கீழே வைத்துவிட்டு, “ஏ ஆவுடை, குடை!” என்பான். மரத்தடியில் நின்று யாரோடாவது பேசினால் இரண்டு தடவை தொண்டையைச் செருமுவான். புள்ளியியல் படிக்கிறவர்கள் எல்லாரும் நூலகத்துக்குப் போகும்போது தன் பிள்ளை மட்டும் ஏன் கேன்டீன் பக்கம் திரும்புகிறாள் என்று கோமதியிடம் கேட்பான். கோமதி வாயில் நூலைக் கடித்தபடி, “வீடு வந்தது போதாதுன்னு நீங்களும் வகுப்புக்குள்ள போயிருவீங்க போல” என்பாள்.

அவள் சொன்னது போலவே ஆயிற்று. கெட்டில் கொண்டுவந்த பெண் ஒருத்தி பேச்சோடு பேச்சாக, இடைத்தேர்வு மார்க் வந்துவிட்டது என்றும் ஆடிக்கு இரண்டு பேப்பரில் ரொம்பக் குறைவு என்றும் சொல்லிவிட்டாள். மகள் சொல்லவில்லை. மூன்று நாள் காத்துப் பார்த்தான், அப்போதும் சொல்லவில்லை. நாலாம் நாள் அவன் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, புள்ளியியல் துறைக்குப் போய்ப் பேராசிரியர் தில்லைநாயகத்தின் முன்னால் நின்றான்.

“சார், என் பிள்ளை பத்தாவதுல நானூத்தி எண்பத்தாறு. அவளுக்குக் கணக்கு வராம இருக்காது. நீங்க கொஞ்சம் தனியா கவனிச்சுக்கிட்டீங்கன்னா…”

தில்லைநாயகம் கோபிக்கிற ஆளில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்க. உங்க பொண்ணு வந்து கேட்டா அவங்களுக்குச் சொல்லித்தருவேன். நீங்க வந்து கேட்டா உங்களுக்குத்தானே சொல்லித்தரணும்?” என்று சொல்லி, உண்மையாகவே கரும்பலகைக்குப் போய், அந்த வாரம் நடத்திய பாடத்தை ஆரம்பத்திலிருந்து நடத்தினார். அரை மணி நேரம். கோடு ஒன்று மணி போல எழும்பி இறங்கியது, அதற்கடியில் கிரேக்க எழுத்துகள் ஊர்ந்தன. சொர்ணவேல் முதல் ஐந்து நிமிஷம் தலையை ஆட்டினான், அதற்கப்புறம் ஆட்டுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. “புரியுதா?” என்று அவர் திரும்பிக் கேட்டபோது, இஸ்திரிச் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. இதைத்தான் பிள்ளை தினமும் உட்கார்ந்து கேட்கிறாளா என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தான்.

வராந்தாவில் ஆவுடைச்செல்வி நின்றிருந்தாள். பின்னால் அவள் வகுப்பே நின்றிருந்தது.

அவள் வீட்டுக்கு வந்து, அம்மா தைத்துக்கொண்டிருந்த அறையின் கதவைச் சாத்தி, அதற்கப்புறம்தான் பேசினாள்.

“நீங்க வந்தது எனக்கு எவ்வளவு ஆசையா இருந்துச்சு தெரியுமாப்பா? ஆனா நான் கீழ விழுந்தா எந்திரிக்கக்கூட எடமில்லாம வீடு முன்னாலயே நிக்குது. ஒரு மார்க் கொறைஞ்சா, அதுக்கு நான் அழுதுக்கிடுததுக்கு முன்னாடி நீங்க அழுதுருதீங்க. என்னைய என்ன செய்யச் சொல்லுதீங்க?”

“நல்லதுக்குத்தானம்மா…”

“நீங்க போங்கப்பா. ஊருக்குப் போங்க.”

அவள் படியேறிப் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். பிறகு ஒன்பது நாள் வீட்டுப்பக்கம் வரவில்லை. வகுப்புக்குப் போகும்போதும், வளாகத்தில் மற்றவர்கள் பழகியிருந்தபடியே, அங்கே வீடு இல்லாதது போல நடந்துபோனாள்.

சொர்ணவேலுக்கு ரோஷம் வந்தது. போகச் சொன்னால் போகவேண்டியதுதானே. ஆனால் வீட்டை எப்படிப் போகச் செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இயந்திரவியல் மாணவர்கள் கயிறும் ஜாக்கியுமாக வந்து இரண்டு நாள் தம் கட்டி இழுத்தார்கள். வீடு அசையவில்லை. ஒரு நாள் கணவனும் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை மாதிரியே கறியெடுத்துக் குழம்பு வைத்துச் சாப்பிட்டுப் படுத்துப் பார்த்தார்கள். தூக்கம் வரவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கூரை இரண்டிடத்தில் ஒழுகியது. கோமதி அடியில் பாத்திரம் வைத்தாள். “வீட்டைச் சொல்லி என்ன பண்ண? அதுக்கு உங்க மனசுதான தெரியும். நாம பதறாம இருந்தா அது தானா கிளம்பும். அவ வரட்டும். வாரப்ப வாயத் தொறக்காதீங்க” என்றாள்.

பத்தாம் நாள், நண்பகல் பன்னிரண்டு மணிக்கு, படிவத்தில் இல்லாத நேரத்தில், ஆவுடைச்செல்வி வந்தாள். கோமதி நூல்கண்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். சொர்ணவேல் முன்னறைத் தரையில் ஒரு மிக்சியைப் பிரித்துப் போட்டிருந்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, அவன் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“அப்பா, ரெண்டு பேப்பர் போச்சு. எனக்கு இந்தப் படிப்பு வருமான்னே தெரியல. விட்டுட்டு வந்துருவமான்னு இருக்கு.”

அவன் வாய்க்குள் பதில்கள் முண்டியடித்தன. நீ எத்தனை கெட்டிக்காரி தெரியுமா என்று ஒன்று. அதெல்லாம் விடக்கூடாது என்று ஒன்று. வா ஊருக்குப் போவோம் என்று ஒன்று. எல்லாவற்றையும் விழுங்கினான். அப்புறம், மோட்டார் ஓடும்போது அதன்மேல் கைவைக்காமல் முதலில் காதைத்தானே வைப்போம் என்று தோன்ற, மெதுவாகக் கேட்டான்:

“நான் இப்ப ஏதாவது செய்யணுமா, இல்ல சும்மா கேட்டுக்கிட்டு இருக்கணுமா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா அப்படி ஒரு கேள்வி கேட்டு அவள் பார்த்ததில்லை.

“சும்மா கேளுங்க.”

கேட்டான். கைகளைத் தொடைகளுக்கடியில் வைத்துக்கொண்டு கேட்டான். வகுப்பில் எல்லாரும் இங்கிலீஷில் சிரிக்கிறார்கள், என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று புரிவதற்குள் சிரிப்பு முடிந்துவிடுகிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சு, இங்கே கடைசி பெஞ்சுக்கு முந்தின பெஞ்சு என்றாள். மேட்டுத்தெரு முழுக்க அவள் மார்க்கைச் சொல்லி வைத்திருப்பதால் ஒவ்வொரு பேப்பரையும் தெருவே உட்கார்ந்து எழுதுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அந்த இடத்தில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். ஒரே ஒரு கணக்கை மட்டும் இரண்டு நாள் முட்டிமோதித் தானாகவே போட்டதாகவும், அதை யாரிடமும் காட்டவில்லை என்றும் கடைசியாகச் சொன்னாள்.

“அது என்ன கணக்கு?” என்றான். அந்த ஒரு மணி நேரத்தில் அவன் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

அவள் தரையில் கிடந்த திருகாணிகளையும் வாஷர்களையும் அள்ளி, மூன்று குவியலாகப் பிரித்தாள். இதில் துருப்பிடித்தது இத்தனை, கண்ணை மூடி ஒன்றை எடுத்தால் எது வரும், எடுத்தது துருப்பிடித்திருந்தால் அது எந்தக் குவியலிலிருந்து வந்திருக்கும் என்று குவியல்களைக் கலைத்துக் கலைத்துச் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது, முழங்காலில் எழுந்து நின்றாள், கையெல்லாம் கிரீஸ். சொர்ணவேலுக்கு இந்தத் தடவை பாதி புரிந்தது. புரிந்த பாதியைச் சொல்லிக் காட்டினான். “அதேதாம்ப்பா!” என்று அவள் தரையைத் தட்டினாள்.

கையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “தில்லைநாயகம் சார்ட்ட நான் போய்க் கேக்கப் போறேன். நீங்க வரவேண்டாம்.”

“வரல.”

“ஜன்னல்ல நின்னு பாக்கவும் வேண்டாம்.”

அது அவனுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. “சரி. முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்துக்கிடுதேன்” என்றான். சொன்னபடியே, அவள் வளாகத்தைத் தாண்டித் துறைக் கட்டடத்துக்கு நடந்துபோன நேரம் முழுக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்து மிக்சியைப் பூட்டினான். கோமதி கடையிலிருந்து வந்து, “ஏன் சுவரைப் பாத்து உக்காந்திருக்கீங்க?” என்று கேட்டாள். “பிள்ளை போயிக்கிட்டிருக்கா” என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் கருவாட்டுக் குழம்பு. இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம். விழித்தபோது வெளியே மாரித்தாய் கத்திக்கொண்டிருந்தாள். “மதினி! ஒரு சொல் சொல்லிட்டு வரக்கூடாதா? ரெண்டு கிலோ வத்தலும் அடியில போச்சே!”

கோவில்பட்டி வந்தாயிற்று. ஆனால் தையல் அறையில், வெட்டிப்போட்ட துணிகளுக்கு நடுவில், ஷமீனா தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பியதும் ஜன்னல் வழியே பார்த்து, “ஆன்ட்டி, ஹாஸ்டல் எங்க போச்சு?” என்றாள். கோமதி அவளுக்குக் காப்பி கொடுத்து, விடுதிக் காப்பாளரிடம் போனில் சொல்லி, அவளுடைய வீட்டுக்கும் பேசினாள். வாணியம்பாடியில் அவள் அம்மா, “உக்காந்த இடத்துல எல்லாம் தூங்காதன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்” என்று அதற்கு மட்டும் திட்டினார்.

ஆவுடைச்செல்வியும் கூப்பிட்டாள். “அப்பா… வீட்டைக் காணோம்.”

“இங்க வந்துட்டுதும்மா. சொல்லிட்டு வரல, எங்களுக்கே தெரியாது.”

“எடம் வெறிச்சுன்னு இருக்குப்பா” என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஏன் என்று அவன் கேட்கவில்லை. அவளே மூக்கை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். “ஷமீனாவப் பத்திரமா பஸ் ஏத்தி விடுங்க. இனி எனக்குக் குடைய ஞாபகப்படுத்த அவதான் இருக்கா.”

அந்த வருஷம் அவள் ஒரு பேப்பரில் தேறினாள். இன்னொன்று மறுபடியும் போயிற்று, மூன்றாம் தடவைதான் கிடைத்தது. அதைத் தெருவில் சொல்லலாமா என்று சொர்ணவேல் கேட்டான், வேண்டாம் என்றாள், அவனும் சொல்லவில்லை. மாரித்தாய் துருவித் துருவிக் கேட்டபோதும் மிக்சி சத்தத்தில் காது கேட்காதவன் போல இருந்துவிட்டான். போன் அவள் பண்ணும்போது பேசினார்கள். சில வாரம் தினமும் பண்ணுவாள், சில வாரம் ஒரு தடவைதான். கணக்குகளைப் பற்றிப் பேசுவாள், அவன் திருகாணிகளைப் பரப்பி வைத்துக்கொண்டு கேட்பான்.

இரண்டாம் வருஷம் மாசி மாசத்தில் ஒரு காலை, ஷமீனா போன் செய்து ஆடிக்கு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல் என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, வீடு நடுங்கியது. அலமாரியில் பாத்திரங்கள் கலகலத்தன, கதவுகள் தாமாகத் திறந்தன, தரைக்கடியில் மண் பிடிவிடுகிற சத்தம் கேட்டது. வெளியே மாரித்தாய் வற்றலை அள்ளிக்கொண்டு ஓடினாள். கோமதி தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டு கணவனைப் பார்த்தாள்.

சொர்ணவேல் எழுந்து போய், முன்னறைச் சுவரில் உள்ளங்கையை விரித்து வைத்தான். “இரு, இரு. அவட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோம். வான்னு சொன்னா நிமிஷத்துல போயிருவோம்” என்று சுவரிடம் சொல்லிவிட்டு, போனைக் காதில் வைத்தான்.

“அம்மா ஆவுடை, நாங்க வரணுமா?”

அந்தப் பக்கம் மூச்சு வாங்கியது. “வேண்டாம்ப்பா. டாக்டர்ட்ட போயிட்டு வந்துட்டேன். ஷமீனா கஞ்சி வச்சிருக்கா, தீய்ஞ்சு போச்சு, ஆனாலும் குடிச்சிட்டேன்.” இருமிக்கொண்டே சொன்னாள்: “போனை வச்சிராதீங்க. நான் தூங்குத வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டு இருங்க.”

அவன் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, பேச ஆரம்பித்தான். காலையில் வந்த கிரைண்டரைப் பற்றி, அதற்குள் கிடைத்த ஒற்றைக் கம்மலைப் பற்றி, அந்தக் கம்மலுக்கு மூன்று வீட்டுக்காரர்கள் உரிமை கொண்டாடியதைப் பற்றி. மூன்றாம் வீட்டுக்காரி வருவதற்குள் அந்தப் பக்கம் மூச்சு சீராகிவிட்டது. அவன் நிறுத்தவில்லை, குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் வீடு ஒரு பெருமூச்சு விட்டு, மெல்ல இறங்கி, மண்ணில் உட்கார்ந்தது.